வீட்டருகே ஒரு பள்ளிக்கூடம்



கடந்த மே மாத இறுதியில் உறவினர் ஒருவரின் நலம் விசாரிப்பதற்காகத் திருச்சி எடமலைப்பட்டி புதூருக்குச் சென்றிருந்தேன். ஒரு காலத்தில் நகரின் எல்லைக்கு அப்பாற்பட்ட சிற்றூராய் இருந்த இடம் அது. இன்று மதுரைச் சாலையின் இருமருங்கிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, ஊர் மேலும் நகரத்தின் பக்கமாய் நகர்ந்துவிட்டது. ஆயினும் உள் தெருக்களில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி விசாரிக்கும் பழைய கிராமத்துப் பழக்கம் இன்னும் மறையவில்லை.

நான் சென்ற வீட்டில் வயது முதிர்ந்த மாமி ஒருவர் இருந்தார். மகன் வளைகுடா நாட்டில் உழைக்கிறார். மருமகள், பேத்தி, பேரன் ஆகியோர் மாமியுடன் இருக்கிறார்கள். பேத்தி அருகிலுள்ள அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். பேரன் சற்றுத் தொலைவிலுள்ள ஓர் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்பை முடித்திருந்தான்.

தேநீர் அருந்தியபடி, "பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், மாமி?" என்று வினவினேன்.

"பேரனுக்குத்தான் தம்பி செலவெல்லாம். ஃபீஸு, வேனு, யூனிஃபார்மு, புஸ்தகம்னு அவங்க அத்தா அனுப்புறதுல பாதி அதுக்கே போயிடுது. போன வருஷம் மருமக வளையலைக்கூட அடகு வச்சுத்தான் கட்டினோம். பேத்திக்குச் செலவில்லை, கவர்மெண்டு பள்ளிக்கூடம்தானே! எட்டு முடிச்சுட்டா. பொம்பளப் புள்ளைக்கு இது போதாதா?" என்றார்.

அப்போது பேரன் அங்கு வந்தான். ஆங்கிலப் பாடல் ஒன்றைக் கையசைத்து அழகாய்ப் பாடிக் காட்டினான். மகிழ்ந்தேன். மேசை மீது கிடந்த தமிழ் நாளிதழை எடுத்துத் தலைப்பை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டித் திணறினான். ஆங்கில நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அவனே எழுதியிருந்த ஒரு வரிக்குப் பொருள் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற பேத்தி நாளிதழை வாங்கி, தலைப்பை மட்டுமின்றிச் செய்தி முழுவதையும் தடையின்றி வாசித்தாள். "என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்றேன். தன் சொந்த வார்த்தைகளில் எடுத்துரைத்தாள்.

எந்தப் பிள்ளைக்காக வளையல் அடகு வைக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை. எந்தப் பிள்ளைக்குச் "செலவில்லை" என்றார்களோ அந்தப் பிள்ளையின் படிப்பை நிறுத்தப் பார்க்கிறார்கள். இந்த எண்ணம் என்னை வெகுநாட்கள் உறங்கவிடவில்லை. அதனால்தான் இம்மாதம் உங்களிடம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

எண்கள் சொல்வது என்ன?

ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவரை வைத்து அரசுப் பள்ளி உயர்ந்தது, தனியார் பள்ளி தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. அது நேர்மையாகாது. எனவே பரந்த கணக்கைப் பார்ப்போம்.

பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் நாடெங்கும் கிராமப்புற வீடுகளுக்கே சென்று, பிள்ளைகளை நேரில் வாசிக்கச் சொல்லி, கல்வி நிலை அறிக்கையை வெளியிட்டு வருகிறது. பெருந்தொற்றுக்குப் பின் வந்த 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 5 பேருக்கும் குறைவே. இது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்த எண்ணிக்கை. 2024 அறிக்கையில் இந்நிலை ஓரளவு உயர்ந்தது. ஆயினும் மனநிறைவு கொள்ளும் உயரம் அன்று. நோய் இரு வகைப் பள்ளிகளுக்கும் பொதுவானது. பள்ளியை மாற்றுவதால் மட்டும் அது தீர்ந்துவிடாது.

அதே அறிக்கைகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில், 2018இல் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் அரசுப் பள்ளிகளில் படித்தார்கள். 2022இல் அது 75 விழுக்காட்டைத் தாண்டியது. 2024இல் மீண்டும் 68 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிட்டது. இந்த ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் காரணம் என்ன? நான்கே ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் திடீரென்று சிறந்து, அடுத்த இரண்டே ஆண்டுகளில் திடீரென்று கெட்டுவிட்டனவா? அவ்வாறு எண்ண இடமில்லை. பெருந்தொற்றில் வருமானம் வற்றியது; கட்டணம் கட்ட இயலாத பெற்றோர் அரசுப் பள்ளியின் வாசலுக்கு வந்தார்கள். வளைகுடாவில் வேலையிழந்து திரும்பிய நம் சகோதரர்களின் பிள்ளைகளும் அப்போது வந்தவர்களுள் உண்டு. கையில் மீண்டும் காசு புழங்கியதும் வந்த வழியே சென்றுவிட்டார்கள்.

பள்ளியின் தரத்தை எடைபோட்டு நாம் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பணப்பையை எடைபோட்டே தேர்ந்தெடுக்கிறோம். துன்பக் காலத்தில் நம் பிள்ளைகளைத் தாங்கிக்கொண்ட பள்ளியை இன்பக் காலத்தில் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஒரு பிள்ளை குறைந்தால்...

பள்ளியை விட்டு ஒரு பிள்ளை விலகுவதால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். இதைச் சற்றுக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை 5 பேர். நம் மாநிலத்தில் ஆகஸ்ட் முதல் நாள் நிலவரப்படி பிள்ளைகளை எண்ணி ஆசிரியர் பணியிடங்களை வகுப்பது வழக்கம்.

ஓர் ஊரின் பள்ளியில் 61 பிள்ளைகள் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆசிரியர்கள் இருப்பார்கள். இரண்டே இரண்டு வீட்டார் தம் பிள்ளைகளை வேன் ஏற்றி அனுப்பத் தொடங்குகிறார்கள். எண்ணிக்கை 59 ஆகிறது. மூன்றாவது ஆசிரியர் "உபரி" ஆகிவிடுகிறார். வேறு பள்ளிக்கு மாற்றப்படுகிறார். இப்போது ஐந்து வகுப்புகளுக்கு இருவர். அவர்களுள் ஒருவர் தலைமையாசிரியர். பதிவேடு, கூட்டம், சத்துணவுக் கணக்கு என்று அவருடைய பொழுது போய்விடுகிறது. எஞ்சிய ஒருவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் அமர்த்திக் கற்பிக்க வேண்டும். இதைக் காணும் மூன்றாவது வீட்டார், "இங்கே ஒழுங்காய்ப் பாடம் நடப்பதில்லை" என்று தம் பிள்ளையையும் அழைத்துச் செல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த நிலையை உண்டாக்கியவர்கள் யார்?

இந்தச் சுழலின் கடைசிக் கட்டம் எப்படி இருக்கும் என்பதையும் கண்டோம். மாணவரே இல்லாமற்போன 40க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றும் அறிவிப்பு 2019இல் வெளிவந்தது. பிள்ளைகளற்ற ஊரில் நூலகத்தை யார் திறப்பார்?

கடைசி வரை அந்தப் பள்ளியில் இருப்பவர்கள் எவர் பிள்ளைகள்? கூலித் தொழிலாளியின் பிள்ளை, தந்தையை இழந்த பிள்ளை, கணவன் கைவிட்ட தாயின் பிள்ளை. ஊரில் குரல் உள்ளவர்கள் எல்லாரும் வெளியேறிய பின், குரலற்றவர்கள் மட்டுமே எஞ்சுகிறார்கள். கழிப்பறைக்குக் கதவில்லை என்றால் அதிகாரியிடம் சென்று சொல்வதற்கும் அங்கே ஆள் இல்லை.

நம் மண்ணில் கல்வி வளர்ந்த கதை

பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய பாடு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராய் இருந்த சர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் சிற்றுண்டி வழங்க வழி செய்தார். பின்னர்க் காமராசர் முதலமைச்சராய் இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாய் விரிவாக்கி 1982 ஜூலை 1ஆம் நாள் தொடங்கி வைத்தது, இதே திருச்சிப் பகுதியைச் சேர்ந்த பாப்பாக்குறிச்சியில்தான். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. பசித்த வயிறு பாடத்தைக் கேளாது என்ற எளிய உண்மையை ஏற்க ஒரு நூற்றாண்டு உழைப்புத் தேவைப்பட்டிருக்கிறது.

காமராசர் காலத்தில் நடந்த மற்றொரு செயலை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். பொதுக்கல்வி இயக்குநராய் இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. முதல் மாநாடு 1958இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. ஊர்ப் பள்ளிக்கு என்னென்ன குறை என்று ஊராரே பட்டியலிட்டார்கள். ஒருவர் மேசை கொடுத்தார், ஒருவர் கரும்பலகை கொடுத்தார், இன்னொருவர் நிலமே கொடுத்தார். "இது அரசாங்கப் பள்ளி" என்று தள்ளி நில்லாமல் "இது எங்கள் பள்ளி" என்று ஊர் உரிமை கொண்டாடிய காலம் அது.

அந்த உணர்வு இன்றும் முற்றாக வற்றிவிடவில்லை. எடமலைப்பட்டி புதூருக்கு அதிகத் தொலைவில்லாத பிராட்டியூரில் உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமையாசிரியை கே. ஆஷா தேவி அவர்களுக்கு 2021ஆம் ஆண்டிற்கான தேசிய நல்லாசிரியர் விருது வழங்கப்பட்டது. நகரின் ஓரத்தில், தனியார் பள்ளி வேன்கள் நாள்தோறும் கடந்து செல்லும் சாலையருகே, ஓர் எளிய பள்ளியை நாடே திரும்பிப் பார்க்கும்படி செய்ய ஓர் ஆசிரியையால் இயன்றிருக்கிறது. ஆசிரியர் நினைத்தால் முடியும் என்பதற்கு இது சான்று. பெற்றோரும் சேர்ந்து நினைத்தால் எவ்வளவு முடியும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் வீடுகளின் நிலை

இனி நம் சமுதாயத்தின் பக்கம் வருவோம். முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாக்களில் மட்டுமே படிக்கிறார்கள் என்றொரு தவறான எண்ணம் வெளியே உலவுகிறது. 2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை அந்த எண்ணத்தைத் தகர்த்தது. பள்ளி வயதிலுள்ள முஸ்லிம் பிள்ளைகளுள் மதரஸாவில் பயில்வோர் 100க்கு 3 பேரே என்று அது கூறியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு. அப்போது மாநிலத்தின் சராசரியோ 73.5 விழுக்காடு. அல்ஹம்துலில்லாஹ்! எழுத்தறிவில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் அதற்கு மேல் எத்தனை வகுப்புகளைக் கடக்கிறார்கள் என்பதே கேள்வி. ஆண்பிள்ளை கடைக்கும் கடல் கடந்த வேலைக்கும் போகிறான். பெண்பிள்ளை எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் வீட்டில் அமர்கிறாள்.

எட்டாம் வகுப்பு என்பது மிகவும் ஆபத்தான திருப்பம். நடுநிலைப் பள்ளி அங்கே முடிந்துவிடுகிறது. அடுத்த பள்ளி வேறு தெருவிலோ வேறு ஊரிலோ இருக்கும். "அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்ற ஒரு கேள்வியில் எத்தனையோ அறிவுச் செல்வங்கள் அடுப்படியில் அடைபட்டுவிட்டன. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு வழங்கிவந்த கல்வி உதவித்தொகையும் 2022 முதல் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. ஏழை வீடுகளுக்கு அதுவும் ஓர் அடி.

மறுபுறம், அரசுப் பள்ளியில் படித்ததனாலேயே கிடைக்கும் வாய்ப்புகள் பல. அவற்றை நம் வீடுகளில் பலர் அறிந்திருக்கவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. நாம் வளையலை அடகு வைத்து, இந்த உரிமைகளிலிருந்து நம் பிள்ளைகளை நாமே விலக்கி வைக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமி பெருமூச்சுடன் ஒரு வார்த்தை சொன்னார்: "வேன் ஏழரைக்கே வந்துடுது தம்பி. சுபுஹுக்குப் பொறவு ஓதப் போறதுக்கு அவனுக்கு நேரமே இல்லை. அவ அக்கா ஓதிட்டு வந்து, சாப்பிட்டுட்டு, நடந்தே பள்ளிக்கூடம் போயிடுவா." ஆம்! காலை மதரஸாக்களில் கூட்டம் குறைந்ததற்கு ஆலிம்களைக் குறை கூறுகிறோம். தொலைவிலுள்ள பள்ளியின் வேன் விடியும் முன்னரே நம் தெருவிற்குள் நுழைந்துவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. வீட்டருகே பள்ளி இருந்தால் தீனுக்கும் துன்யாவுக்கும் ஒரே காலைப் பொழுதில் இடம் இருக்கிறது.

நமக்கு வழிகாட்டும் வரலாறும் உண்டு. பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்குக் கற்பித்தால் அதுவே விடுதலைக்கான ஈடு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். கற்பிப்பவர் நேற்று வரை எதிரணியில் நின்றவர். அவ்வாறிருந்தும் கல்வி பெரிதாய் மதிக்கப்பட்டது. அந்தச் சிறுவர்கள் படித்தது மாளிகையில் அன்று. அவர்களுக்குக் கிடைத்தவை ஓர் ஆசிரியர், பத்துப் பிள்ளைகள், ஊரின் அக்கறை. கல்விக்கு வேண்டிய அடிப்படை இவ்வளவுதான்.

மாமி கேட்ட கேள்வி

இத்தனையும் அன்று மாமியிடம் ஆர்வத்தோடு எடுத்துரைத்தேன். அமைதியாய்க் கேட்டுக்கொண்டிருந்த அவர், இறுதியில் ஒரே கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. உங்க பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்க?"

வாசகர்களே, நான் மௌனமானேன். என் மக்கள் இருவரையும் நான் ஆங்கிலப் பள்ளியில்தான் படிக்க வைத்தேன். என் தெருவின் முனையிலிருந்த அரசுப் பள்ளிக்குள் ஒரு நாளும் நான் நுழைந்ததில்லை. அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. மூன்று வயதிலேயே மழலையர் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். அரசுப் பள்ளியோ ஐந்து வயதில்தான் பிள்ளையை வரவேற்றது. அதற்குள் பிள்ளை வேறொரு பள்ளியின் சீருடைக்குப் பழகிவிட்டது. பிறகு எங்கே திரும்பி வருவது? அரசு இதனை உணர்ந்து, 2012க்குப் பின் ஆங்கில வழிப் பிரிவுகளையும், 2019இல் 2381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளையும் தொடங்கியது. என் காலத்தில் அவை இல்லை என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் உள்ளே சென்று பார்க்காததற்கு எந்தச் சாக்கும் இல்லை.

எனவே உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதியில் நின்று இதை எழுதவில்லை. தவறியவன் தன் தவற்றைச் சொல்லி எச்சரிப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டும் பெற்றோர் எவரையும் நான் பழிக்கவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைத்துப் பொதுத்தொண்டு செய்யுங்கள் என்றும் கேட்கவில்லை. முடிவெடுக்கும் முன் சில காரியங்களைச் செய்யுங்கள் என்றே வேண்டுகிறேன்.

செய்யக் கூடியவை

முதலாவதாக, உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் இன்றிரவே அருகில் அமர்த்தி ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் கேளுங்கள். ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் போடச் சொல்லுங்கள். சீருடையும் கழுத்துப்பட்டையும் சொல்லாத உண்மையை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.

இரண்டாவதாக, பிள்ளையைச் சேர்க்கும் முன் வீட்டருகே உள்ள அரசுப் பள்ளிக்குள் ஒரு முறை சென்று பாருங்கள். எத்தனை வகுப்புகள், எத்தனை ஆசிரியர்கள், தண்ணீரும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். பார்த்த பின் வேண்டாம் என்று முடிவு செய்தால் அது உங்கள் உரிமை. பாராமலே வேண்டாம் என்பது அநீதி.

மூன்றாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவை மறவாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இக்குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். ஆசிரியர் குறைவு, கட்டடப் பழுது, உணவின் தரம் எல்லாவற்றையும் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நம் தாய்மார்கள் எத்தனை பேர் அந்தக் கூட்டங்களுக்குச் செல்கிறார்கள்? சகோதரிகளே, அந்த நாற்காலி உங்களுக்காகச் சட்டம் போட்டு வைத்திருக்கும் நாற்காலி. வெறுமையாய் விடாதீர்கள்.

நான்காவதாக, ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகள் எத்தனை பேர், எட்டாம் வகுப்பை முடித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்ற பட்டியலை ஆண்டுதோறும் எடுங்கள். எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான்கு பெண்பிள்ளைகள் சேர்ந்து செல்ல வழி செய்தால் தொலைவு என்ற அச்சம் பாதியாகிவிடும். மாலையில் மதரஸாக் கூடத்தில் விளக்கை ஏற்றி, பட்டம் படித்த பிள்ளைகளைக் கொண்டு, இளையவர்களுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்தக் கூடத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளை வந்து அமர்ந்தாலும் வரவேற்போம்.

ஹாஜி எம். ஜமால் முகமது சாஹிப், என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகிய பெருமக்கள் 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை நிறுவினார்கள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து அது வெகுதொலைவில் இல்லை. முன்னோர் கல்லூரியைக் கட்டிவிட்டுச் சென்றார்கள். அதன் வகுப்பறைக்குள் நம் பிள்ளை நுழைய வேண்டுமானால், முதலில் மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரிய வேண்டும். பிறகு எட்டாம் வகுப்பைத் தாண்ட வேண்டும். இந்த இரண்டு படிகளும் நம் தெருவிலேயே இருக்கின்றன.

சென்ற வாரம் மாமி தொலைபேசியில் பேசினார். பேத்தியை அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்களாம். பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைகள் இருவரோடு சேர்ந்து போய்வருகிறாளாம். "பேரன்?" என்று கேட்டேன். "அவன் அதே வேன்லதான் போறான் தம்பி. இந்த வருஷத்து ஃபீஸை முன்னாடியே கட்டிட்டாங்க. ஆனா மஃரிபுக்குப் பொறவு அவ அக்காதான் உக்கார வச்சுப் பேப்பர் படிக்கக் கத்துக் கொடுக்குறா" என்றார். சற்று நிறுத்திவிட்டு, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

அந்த அடுத்த ஆண்டு வருவதற்குள் நாமும் நம் வீட்டருகே உள்ள பள்ளிக்குள் ஒரு முறை நுழைந்து பார்த்திருப்போம், இன்ஷா அல்லாஹ்.